பொன்மயிலுக்கு நீலம் அடித்தது யார்

நாகல் நகர், திண்டுக்கல்
3 நவம்பர் 2024

அண்ணா,

பொங்கலுக்கு உங்கள் மெடிக்கல் கோச்சிங் ஹாஸ்டலில் லீவு கிடையாது என்று போன ஞாயிறு நீ போனில் சொன்னதும் அம்மா அழுதாள். நான் அழவில்லை. வார்டன் உன் பக்கத்தில் நிற்கும்போது, கிடைக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் உன்னோடு ஒழுங்காகச் சண்டை போட முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

பொன்மயில் பஸ் முடிந்துவிட்டது. செம்பட்டி வழியாக வத்தலக்குண்டு போகும் அந்த பஸ்ஸை சன்போர்டு பிளாஸ்டிக் அட்டையில் வெட்டி, ஓ.எச்.பி. ஷீட்டில் கண்ணாடி வைத்து, கூரை வளைவுக்கு தெர்மோகோலைச் செதுக்கி ஒட்டியிருக்கிறேன். நிஜ பஸ்ஸில் இருபத்து நான்கில் ஒரு பங்கு. பின்னால் இருக்கும் ஏணியின் படிகள்கூட அளவு தப்பவில்லை. ஆனால் பெயிண்ட் இல்லாமல் முழு வெள்ளையாக என் மேசைமேல் நிற்கிறது.

நம் வழக்கம் என்ன? நான் அளந்து வெட்டி ஒட்டுவேன். நீ வாசலுக்குக் கொண்டுபோய் ஸ்ப்ரே டப்பாவைக் குலுக்கி அடிப்பாய். நிஜ பஸ்ஸின் பின்பக்கத்தில் பாடி கட்டியவர்களின் பெயர் இருக்குமே, அந்த இடத்தில் 'ரொனால்டு, திண்டுக்கல்' என்று எழுதுவாய். பஸ் ரசிகர் குழுவில் உன் பெயரில் படம் போடுவாய். இதுவரை நான் ஒன்றும் கேட்டதில்லை.

ஜனவரியில் வடமதுரை கல்யாண மண்டபத்தில் மாடல் கண்காட்சி. நீ வரப்போவதில்லை. 'முகேஷ்கிட்ட குடுத்துரு, அவன் அடிச்சுக்குவான்' என்று சொன்னாய். கொடுக்கமாட்டேன். நானே அடிப்பேன். அதுவும் டப்பாவில் அல்ல. பொன்மயிலின் பக்கவாட்டை நீயும் பார்த்திருக்கிறாய். கீழே மயில்கழுத்து நீலம். மேலே போகப் போக வெளுத்து ஜன்னலுக்கு அடியில் வெள்ளையோடு கலந்துவிடும். டப்பாவில் அடித்தால் அந்த இடத்தில் புள்ளி புள்ளியாகத் தெறிக்கும். போன வருஷம் தெறித்தது. நீ அதற்கு 'ரோட்டுப் புழுதி எபெக்ட்' என்று பெயர் வைத்துக் குழுவில் போட்டாய்.

ஏர்பிரஷ் வாங்கப்போகிறேன். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை, தெரிவிக்கிறேன்.

லிடியா


நாமக்கல்
10 நவம்பர் 2024

லிடியா,

உன் கடிதத்தை வார்டன் பிரித்துப் படித்துவிட்டு, 'யாருடா அந்தப் பொன்மயில்?' என்று கேட்டார். பஸ் சார் என்றேன். 'பஸ்ஸுக்கு ஏதுடா கழுத்து?' என்றார். என் ரூமில் எல்லாரும் இப்போது என்னைப் பொன்மயில் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நன்றி.

ஏர்பிரஷ்ஷாம். அதற்குக் கம்ப்ரெசர் வேண்டும், ஹோஸ் வேண்டும், கை பழக வருஷக்கணக்கில் ஆகும். நீ வாங்கி நாலு நாள் அடித்துப் பார்த்துவிட்டு, ஊசி அடைத்துக்கொண்டது என்று பெட்டியில் போட்டு வைப்பாய். உன் கை வெட்டுகிற கை. என் கை அடிக்கிற கை. இவ்வளவு நாள் அப்படித்தான் ஓடியது. அதில் உனக்கு என்ன குறை வந்துவிட்டது?

கண்காட்சிக்கு ஆகஸ்டிலேயே என் பெயரைக் கொடுத்தாகிவிட்டது. முகேஷ்குமார்தான் பொறுப்பு. அவனுக்கு ஸ்ப்ரே நன்றாக வரும். பஸ்ஸை ஒரு அட்டைப்பெட்டியில் வைத்து அவன் வீட்டில் கொடுத்துவிடு. ஓரங்களை மட்டும் உப்புத்தாளில் தேய்த்துக் கொடு. உன் ஓரங்கள் எப்போதும் கொஞ்சம் கூராக இருக்கும்.

இங்கே விடிவதற்குள் எழுப்பிவிடுகிறார்கள். தட்டு கழுவ வரிசை, தேர்வு எழுத வரிசை, மார்க் பார்க்க வரிசை. அம்மாவிடம் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல். சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று சொல்லவேண்டாம், அது பொய்.

ரொனால்டு


நாகல் நகர்
24 நவம்பர் 2024

அண்ணா,

என் ஓரங்கள் கூராக இருப்பது நிஜ பஸ்ஸின் ஓரங்கள் கூராக இருப்பதால்தான். உப்புத்தாள் போடவில்லை. முகேஷ் அண்ணன் வீட்டுக்கும் போகவில்லை.

ஏர்பிரஷ் வாங்கிவிட்டேன். எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்பதை எழுதுகிறேன். கண்ணை மூடிக்கொண்டு வாங்கினாள் என்று நீ பிறகு சொல்லக்கூடாது.

வீடியோ பார்த்தது போதவில்லை. கையில் பிடித்துப் பார்க்கவேண்டும் என்று தோன்றியது. தெருமுனையில் பஞ்சர் கடை வைத்திருக்கும் யாசின் பாய் வீட்டில் சர்புன்னிசா அக்கா பிறந்தநாள் கேக் செய்து விற்கிறார் அல்லவா? கேக்குக்கு நிறம் அடிக்க அவரிடம் ஒரு ஏர்பிரஷ் இருக்கிறது. போய்க் கேட்டேன். 'கடைல அவரு டயருக்குக் காத்தடிக்கிறாரு, வீட்ல நான் கேக்குக்குக் காத்தடிக்கிறேன். எங்களுக்கு அம்புட்டும் காத்துப் பொழப்புதான்' என்று சிரித்துவிட்டு, பட்டர் பேப்பரை விரித்து என் கையில் கொடுத்தார்.

பேனா மாதிரிதான் பிடிக்கவேண்டும். மேலே ஒரு சின்ன விசை. அழுத்தினால் வெறும் காற்று. அழுத்தியபடியே பின்னால் இழுத்தால்தான் நிறம்; எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு. நான் பயந்து பயந்து இழுத்தேன். தாளில் ஒரு நீலம் வந்து உட்கார்ந்தது. அது எப்போது வந்தது என்றே தெரியவில்லை. கண்ணாடியில் மூச்சு படிவது போல இருந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தேன், கெட்டியானது. விட்டேன், மெலிந்தது. பொன்மயிலின் பக்கவாட்டு அந்தத் தாளில் இருந்தது, அண்ணா. இரவல் கேட்டேன். 'ஏன் பாப்பா, இதுல நீ பெயிண்ட ஊத்திட்டா அடுத்த கேக்கத் தின்னவன் ஆஸ்பத்திரிலதான் கெடப்பான்' என்றார். நியாயம்தான்.

கடையில் மூன்று வகை இருந்தன. ஒன்று அடியில் பாட்டில் தொங்குவது. அழுத்தினால் காற்றும் பெயிண்ட்டும் சேர்ந்தே வரும், அளவு நம் விரலில் இல்லை. அது டப்பாவின் தம்பி, அவ்வளவுதான். இன்னொன்று சார்ஜ் போட்டுக்கொள்வது. கையிலேயே மோட்டார் இருப்பதால் கனம், காற்றைக் கூட்டிக் குறைக்கவும் முடியாது. மூன்றாவது சர்புன்னிசா அக்காவிடம் இருப்பது போல: இரட்டை வேலை செய்யும் விசை, மேலே சின்னக் கிண்ணம். பெயிண்ட் தன் கனத்திலேயே இறங்கும், அதனால் குறைந்த காற்றே போதும். முனைத் துளை 0.3 மில்லிமீட்டர் எடுத்தேன். 0.2 புதியவர்களுக்குச் சட்டென்று அடைத்துக்கொள்ளும். 0.5 எடுத்தால் ஜன்னல் சட்டத்துக்கு அகலம். கூடவே ஒரு மாற்று ஊசி, கழுவும் பிரஷ்கள், முகமூடி, காற்றைக் கட்டுப்படுத்தி அதிலிருக்கும் தண்ணீரைப் பிரிக்கும் ரெகுலேட்டர்.

கிறிஸ்துமஸுக்குத் துணி வேண்டாம், பணமாகக் கொடு என்று அம்மாவிடம் கேட்டு வாங்கினேன். புத்தகம் வாங்குவேன் என்று நினைத்துக் கொடுத்தாள். நான் பொய் சொல்லவில்லை. அவள் கேட்கவில்லை.

கம்ப்ரெசர் இல்லை. ஆனால் டயர் என்பது காற்றைச் சேர்த்து வைக்கும் தொட்டிதானே? அப்பாவின் ஸ்கூல் வேனில் ஸ்டெப்னி சும்மாதான் கிடக்கிறது. சைக்கிள் பம்ப்பின் முனையை வெட்டி ஹோஸில் மாட்டிவிட்டேன். ஸ்டெப்னியில் யாசின் பாய் காற்று நிரப்பிக் கொடுப்பார். ஒரு நிரப்புக்கு ஒரு பூச்சு அடிக்கலாம். சத்தமே கிடையாது.

என் கை எந்தக் கை என்று நீ முடிவு செய்யவேண்டாம்.

லிடியா


நாமக்கல்
1 டிசம்பர் 2024

லிடியா,

ஸ்டெப்னியா? படித்துவிட்டு மெஸ்ஸில் புரையேறிவிட்டது.

சரி, வாங்கிவிட்டாய். கேட்காமலே ஒரு யோசனை சொல்கிறேன். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் எல்லாம் வேண்டாம், அது டிராயிங் கிளாஸுக்கு. பஸ் பாடி கட்டுமிடத்தில் என்ன அடிக்கிறார்களோ அதையே அடி. டூகோ பெயிண்ட், கூட தின்னர். அந்தப் பளபளப்பு வேறு எதிலும் வராது. நாலு இடத்தில் நின்று பார்த்தவன் சொல்கிறேன்.

அப்படியும் வரவில்லை என்றால் முகேஷ் இருக்கிறான். இப்போது போனாலும் ஒன்றும் நினைக்கமாட்டான்.

ரொனால்டு


நாகல் நகர்
15 டிசம்பர் 2024

அண்ணா,

இத்துடன் இருக்கும் பொருளைப் பார். நீ சொன்னபடி டூகோவில் தின்னர் கலந்து அடித்த துண்டு அது. சன்போர்டு அப்பளம் மாதிரி சுருண்டுவிட்டது. தெர்மோகோல் இருந்த இடத்தில் குழிதான் மிச்சம். நிஜ பஸ் தகரம். நம் பஸ் தகரம் இல்லை. நான் முதலில் ஒரு கழிவுத் துண்டில் அடித்துப் பார்த்ததால் பொன்மயில் பிழைத்தது. வார்டன் கேட்டால் இது கெட்டுப்போன கல்லீரலின் மாதிரி என்று சொல், பாடத்துக்கு உதவும்.

அக்ரிலிக்கில்தான் பழகுகிறேன். பாலைப் போலக் கிண்ணத்தின் ஓரத்தில் வழிந்து இறங்கும் பதத்துக்குக் கரைக்கவேண்டும். நீர்த்தால் சிலந்திக்கால் விட்டு ஓடுகிறது. கெட்டியானால் முனையிலேயே காய்ந்து துப்புகிறது. ரொம்பத் தள்ளிப் பிடித்தால் மணல் ஒட்டியது போல சொரசொரப்பாகிறது. பழைய நோட்டு அட்டைகள் எல்லாம் இப்போது நீலம்தான்.

இனி கெட்ட செய்தி. அதை நானே சொல்லிவிடுகிறேன், அடுத்த ஞாயிறு போனில் அம்மா சொல்வதற்கு முன்.

வெள்ளிக்கிழமை காலைப் பரீட்சை முடிந்து வந்து ஸ்டெப்னியை எடுத்துப் பழகினேன். காற்றெல்லாம் தீர்ந்தது. நிரப்பிக்கொள்ளலாம் என்று உருட்டிக்கொண்டு போனால் யாசின் பாய் ஜும்மாவுக்குப் போயிருந்தார், கடை பூட்டியிருந்தது. திரும்பி வந்து வேனில் வைத்துவிட்டேன், அவர் வந்ததும் நிரப்பலாம் என்று. உட்கார்ந்து அடுத்த பரீட்சைக்குப் படிக்க ஆரம்பித்தேன். படித்தால் எனக்கு எதுவும் காதில் விழாது, உனக்குத் தெரியும். அப்பா வேனை எடுத்துக்கொண்டு போனது தெரியவில்லை.

செம்பட்டிக்குக் கொஞ்சம் முன்னால் பின்சக்கரத்தில் ஆணி. வேனில் எட்டுப் பிள்ளைகள். அப்பா ஸ்டெப்னியை மாட்டி ஜாக்கியை இறக்கியிருக்கிறார். வேன் அப்படியே ஒரு பக்கமாக உட்கார்ந்துவிட்டது. தேங்காய் லோடு ஏற்றி வந்த ஒருவர் சக்கரத்தை வாங்கிக்கொண்டு போய்ப் பஞ்சர் ஒட்டிக் கொண்டுவரும்வரை பிள்ளைகள் ரோட்டோரத்தில். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அம்மாவுக்குப் போன்.

அப்பா திட்டவில்லை. ஸ்டெப்னியைக் கொண்டுவந்து என் மேசைக்குப் பக்கத்தில் சாத்தி வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். அது திட்டியதைவிட மோசமாக இருந்தது. அவர் பங்கையும் சேர்த்து அம்மா திட்டினாள். 'இனிமே இந்த வீட்ல காத்தும் வேணாம், கலரும் வேணாம்' என்று ஏர்பிரஷ்ஷைப் பெட்டியோடு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

காற்றில்லாத ஸ்டெப்னியை வேனில் வைத்தது என் தப்பு. அப்பாவிடமும் அந்த எட்டு வீட்டிலும் போய் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் ஏர்பிரஷ் வாங்கியது தப்பு என்று யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

லிடியா


நாமக்கல்
20 டிசம்பர் 2024

லிடியா,

கல்லீரல் வந்து சேர்ந்தது. டூகோ விஷயத்தில் நான் சொன்னது தவறு. எழுதிவிட்டேன், போதுமா?

வேன் உட்கார்ந்ததைப் படித்துச் சிரித்தேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. அது பீரோவிலேயே இருக்கட்டும். நான் மே மாதம் பரீட்சை முடித்து வரும்வரை இருக்கட்டும்.

ஏன் என்று கேட்பாய். இங்கே மாதத் தேர்வுக்கு மாதத் தேர்வு சுவரில் பெயர் ஒட்டுவார்கள். என் பெயரைத் தேட கீழேயிருந்துதான் படிக்கவேண்டும். வீட்டிலும் அதே கதை. அப்பா யார் வந்தாலும் உன் ரேங்க் கார்டைத்தான் எடுத்து நீட்டுவார். மாடலிலும் அளவு, கணக்கு, வெட்டு எல்லாம் நீதான். இருந்தாலும் அந்தப் பெயிண்ட் அடிக்கிற வேலை ஒன்று எனக்கு என்று இருந்தது. நான் டப்பாவைக் குலுக்கிக்கொண்டு வாசலுக்குப் போனால் தெருப்பிள்ளைகள் கூடி நிற்பார்கள். 'ரொனால்டு அண்ணன் அடிக்கப்போறாரு' என்பார்கள். நீயும் கதவருகே நின்று பார்ப்பாய்.

அதையும் நீ எடுத்துக்கொண்டால் நான் வீட்டுக்கு வந்து என்ன செய்வது?

இதை வார்டன் படிக்காமல் இருக்க வெளியே போகும் மெஸ் ஆளிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

ரொனால்டு


நாகல் நகர்
29 டிசம்பர் 2024

அண்ணா,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நீ அங்கே அப்படி இருப்பது எனக்குத் தெரியாது. உனக்காக வருத்தப்படுகிறேன். ஆனால் உனக்கு வேலை மிச்சம் இருக்கவேண்டும் என்பதற்காக நான் பாதி பஸ்ஸோடு நிற்க முடியாது. கதவருகே நின்று பார்த்தேன் என்று எழுதியிருக்கிறாய். நான் வேடிக்கை பார்க்கவில்லை. டப்பா எப்போது என் கைக்கு வரும் என்று நின்றேன். நீ ஒரு தடவையும் திரும்பிப் பார்த்துக் கேட்டதில்லை.

இப்போது கிறிஸ்துமஸ் கதை. எனக்குத் தெரியாமல் அம்மா புதுத்துணி எடுத்து வைத்திருந்தாள். கத்திரிப்பூ நிறத்தில் சுடிதார். அழகாகத்தான் இருந்தது. நான் சொன்னேன்: துணிக்குப் பதிலாக ஏர்பிரஷ் வாங்கினேன். அது பூட்டிக் கிடக்கிறது. அதனால் எனக்குத் துணியும் இல்லை, ஏர்பிரஷ்ஷும் இல்லை. இருப்பதில் நல்லது பள்ளி யூனிபார்ம்தான். அதைத் தேய்த்துப் போட்டு, ரிப்பன் வைத்து இரட்டைச் சடை பின்னிக்கொண்டு காலைப் பூசைக்குக் கிளம்பிவிட்டேன். அப்பா வேனில் ஏறும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார், சிரிப்பை மறைக்க என்று நினைக்கிறேன்.

கோயில் முழுக்க ஜரிகையும் பட்டுமாக, நடுவில் நான் ஒருத்தி நீலப் பாவாடையும் வெள்ளைச் சட்டையுமாக. பூசை முடிந்து வெளியே வந்ததும் அம்மாவைச் சுற்றி ஒரே விசாரணை. அம்மாவோடு பள்ளியில் வேலை பார்க்கும் செபாஸ்தியம்மாள் டீச்சர், 'ஏன் ஆனந்தமேரி, பிள்ளைக்கு இன்னைக்கும் ஸ்பெஷல் கிளாஸா?' என்று கேட்டுவிட்டார். வீட்டுக்கு வந்து அம்மா பிரியாணி தாளித்தாள். பிறகு பெட்டியை எடுத்து என் மேசையில் வைத்து, 'வண்டியத் தொடக்கூடாது. வீட்டுக்குள்ள இதோட சத்தம் கேக்கக்கூடாது. இம்புட்டுதான் சொல்லுவேன்' என்றாள்.

வண்டியையும் தொடவில்லை, வீட்டுக்குள்ளும் அடிக்கவில்லை. மறுநாளே பொன்மயிலைத் தூக்கிக்கொண்டு யாசின் பாய் கடைக்குப் போய்விட்டேன்.

அவருடைய கம்ப்ரெசரில் லாரி டயருக்கு உண்டான காற்று. ரெகுலேட்டரை மாட்டிக் குறைத்துக்கொண்டேன். 'இம்புட்டுக்காண்டு பேனாவுக்கு என் மிஷினயே கேக்கிறியே' என்றாலும், ஒரு பழைய டயர்மேல் பலகை போட்டுக் கொடுத்தார். முதலில் கழிவுத் துண்டில் அடித்தபோது நீலத்தோடு தண்ணீரும் தெறித்தது. அந்தத் தொட்டிக்குள் எவ்வளவு நாள் தண்ணீரோ, ரெகுலேட்டரின் கிண்ணம் நிரம்பிவிட்டது. திறந்து வடித்தேன். மறுபடி நிரம்பியது, மறுபடி வடித்தேன். பிறகு சுத்தமான காற்று வந்தது.

பஞ்சர் ஒட்ட வந்தவர்கள் எல்லாரும் நின்றுவிட்டார்கள். ஒருவர், 'பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த வேலை, எவனாவது பயலக் கூப்பிட்டுக் குடுக்கலாம்ல?' என்று யாசின் பாயிடம் கேட்டார். என்னிடம் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். முகமூடி போட்டிருந்ததால் பேசாமல் விசையை இழுத்தேன். கீழே கெட்டியாக, மேலே போகப் போக விரலைத் தளர்த்தி, ஒரு பூச்சு காய்ந்ததும் அடுத்தது. சாயங்காலம் ஆனபோது கேள்வி கேட்டவர் அங்கேயே இருந்தார். அவருடைய வண்டி எப்போதோ ரெடியாகிவிட்டது.

பின்பக்கத்தில் எழுத்து வெட்டிய ஸ்டிக்கரை ஒட்டி, கடைசியாக அடித்தேன். 'லிடியா, நாகல் நகர்.'

லிடியா


நாமக்கல்
5 ஜனவரி 2025

லிடியா,

யூனிபார்மில் பூசைக்கா? அம்மா உன்னை உயிரோடு விட்டதே பெரிது.

ஆனால் அந்தப் பெயரை அழித்துவிடு. கண்காட்சியில் பதிவான பெயரும் மாடலில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று விதி. முகேஷ் அதில் கறார். பதிவு என் பெயரில் இருக்கிறது. இந்த ஒரு தடவை என் பெயரைப் போடு. அடுத்த வருஷம் முழுக்க உன் பெயர், சத்தியமாக.

இங்கே ரூமில் கண்காட்சிக்கு என் பஸ் போகிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன். எனக்கு ஒரு நல்ல செய்தி வேண்டும், லிடியா. எங்கிருந்தாவது.

ரொனால்டு


நாகல் நகர்
20 ஜனவரி 2025

அண்ணா,

கடிதத்தோடு வரும் பார்சலைப் பிறகு பிரி. முதலில் இதைப் படி.

பெயரை அழிக்கவில்லை. விதியைப் படித்தேன். மாற்றவேண்டியது பஸ்ஸில் அல்ல, பதிவில். முகேஷ் அண்ணனுக்கு அதைப் போனில் இரண்டு தடவை சொன்னேன். 'பாக்கலாம்மா' என்றார்.

நேற்று அப்பா வேனில் வடமதுரைக்குக் கூட்டிப்போனார். மண்டபம் முழுக்கப் பையன்கள். நான் பஸ்ஸை இறக்கி வைத்ததும் முகேஷ் அண்ணன் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். 'ரொனால்டு கலக்கிட்டான்யா' என்றார். அவன் அடிக்கவில்லை, நான் அடித்தேன் என்றேன். 'லிஸ்ட் பிரிண்ட் ஆயிருச்சும்மா. அவன் சார்பா நீ ஏறி வாங்கிக்க. யாரு கேக்கப்போறா?' என்று சொல்லிவிட்டு, 'ரொனால்டு' என்று அச்சடித்த சீட்டைப் பின்பக்கத்தில், சரியாக என் பெயரின் மேல் ஒட்டினார். அவர் நகர்ந்ததும் உரித்தேன். திரும்பி வந்து இன்னொன்று ஒட்டினார். அதையும் உரித்து மேசைக்காலில் ஒட்டினேன். அதற்குப் பிறகு அவரிடம் சீட்டு இல்லையோ, பொறுமை இல்லையோ, வரவில்லை.

மத்தியானம் நிஜப் பொன்மயிலின் கண்டக்டர் மணிமாறன் வந்தார். குனிந்து பார்த்துவிட்டு, 'படிக்கட்டுகிட்ட ஒரு ஒடுக்கு இருக்கணுமே, வேடசந்தூர்காரன் டிராக்டர்ல இடிச்சது. அதக் காணோம்' என்று குறை சொன்னார். எனக்கு அது போதுமாக இருந்தது. மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

இரண்டாம் பரிசுக்கு மேடையில் 'ரொனால்டு, திண்டுக்கல்' என்று அழைத்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை. மறுபடி அழைத்தார்கள். முன்வரிசைப் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா குனிந்து, 'போ பாப்பா, எல்லாரும் பாக்குறாங்க' என்றார்.

'என் பேரச் சொல்லலப்பா.'

அப்பா மேடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டார். மூன்றாவது தடவையும் அழைத்துவிட்டு, ரொனால்டு வரவில்லை என்று அடுத்தவரைக் கூப்பிட்டார்கள்.

கிளம்பும்போது முகேஷ் அண்ணன் ஓடி வந்து ஷீல்டை வேன் சீட்டில் வைத்துவிட்டார். அதுதான் பார்சல். அதில் உன் பெயர் இருக்கிறது, அதனால் உனக்கு அனுப்புகிறேன். நல்ல செய்தி வேண்டும் என்று கேட்டாயே, இதை அப்படி வைத்துக்கொள்வது உன் விருப்பம். பஸ்ஸில் என் பெயர் இருக்கிறது. அது என் மேசையில் இருக்கும்.

லிடியா


நாமக்கல்
3 பிப்ரவரி 2025

லிடியா,

பார்சலை நான் பிரிக்கவில்லை. வார்டன் பிரித்துவிட்டார். ஷீல்டை எடுத்துக்கொண்டு நேராகக் காலைப் பிரேயருக்கு வந்து, மாநில அளவில் ஏதோ ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து, எல்லாருக்கும் முன்னால் என்னை நிறுத்திக் கைதட்டச் சொன்னார். இங்கே வந்ததிலிருந்து எனக்கு யாரும் கைதட்டியதில்லை. மொத்த ஹாஸ்டலும் தட்டியது. பொன்மயில், பொன்மயில் என்று கத்தினார்கள்.

அங்கேயே சொல்லவில்லை. மத்தியானம் அவர் அறைக்குப் போய், 'அது என் தங்கச்சி செஞ்சது சார்' என்றேன். 'அப்ப ஓம் பேரு எதுக்குடா இருக்கு?' என்றார். பதிவில் நான்தான் கொடுத்தேன் சார் என்றேன். போ என்று சொல்லிவிட்டார்.

ஷீல்டைத் திருப்பி அனுப்புகிறேன். என் பெயரை பிளேடால் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டேன். இப்போது அந்த இடம் வழவழவென்று இருக்கிறது. உன் பெயரை அடித்துக்கொள்.

மே மாதம் வந்தால் அந்த ஏர்பிரஷ்ஷை ஒரு தடவை கையில் தருவாயா?

ரொனால்டு


நாகல் நகர்
12 பிப்ரவரி 2025

அண்ணா,

ஷீல்டு வந்தது. நன்றாகத் தேய்த்திருக்கிறாய், ஒரு கீறல்கூட இல்லை. வார்டன் அறைக்குப் போனதைப் படித்ததும் அப்பாவிடம் அந்த இடத்தை மட்டும் வாசித்துக் காட்டினேன். கடிதத்தை என்னிடமிருந்து வாங்கி அவரே ஒரு தடவை படித்தார்.

ஏர்பிரஷ் தருவேன். முதலில் நோட்டு அட்டையில்தான். எனக்கும் அப்படித்தான் வந்தது. அடித்து முடித்ததும் கிண்ணத்தைக் கழுவி ஊசியைத் துடைத்து வைக்கவேண்டும், வளைத்தால் புது ஊசி நீ வாங்கவேண்டும். பஸ்ஸில் உன் பெயர் வேண்டுமென்றால் முதலிலிருந்து நீயே வெட்டி ஒட்டு. அளவு தெரியாவிட்டால் கேள், சொல்கிறேன்.

ஷீல்டில் என் பெயரை அடிக்கப்போவதில்லை. அவர்கள் என்னைக் கூப்பிட்டுக் கொடுத்தது அல்ல அது. ஆனால் தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. அவ்வளவு வழவழப்பான இடம் வீட்டில் வேறு இல்லை. புது நிறம் கலந்தால் பஸ்ஸில் அடிப்பதற்கு முன் ஒரு கோடு அதில்தான் அடித்துப் பார்க்கிறேன். அடுத்த பஸ்ஸுக்கு இளம்பச்சை. இன்று காலை யாசின் பாய் கடையில் ஷீல்டை டயர்மேல் சாத்தி வைத்து அடித்தேன். கொஞ்சம் தண்ணீர் கூடிவிட்டது, ஓடிவிட்டது. ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி கலந்தேன்.

லிடியா